‘இன்’ போடுவதா, ‘ஆன்’ போடுவதா? ஆங்கிலப் பிரிபொசிஷன் பிழைகளை அறிகுறி பார்த்து நீக்கும் வழி

ஸ்பெல்லிங் தவறினால் கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. பிரிபொசிஷன் தவறினால் பல நேரம் அது வாயைத் திறப்பதில்லை. ‘ஐ வில் பீ இன் தி ஆபீஸ் பை ஃபைவ்’ என்றால் ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன் என்று அர்த்தம். ‘பை’யை எடுத்துவிட்டு ‘அண்டில்’ போட்டால், ஐந்து மணி வரை இருப்பேன் என்று ஆகிவிடும். இரண்டுமே இலக்கணச் சுத்தமான வாக்கியங்கள், அதனால் மென்பொருளுக்கு அதில் குறை தெரியாது. மாலை நாலரைக்கு உங்களைத் தேடி வந்து ஏமாந்து போகிறவருக்குத்தான் தெரியும்.

தமிழர்கள் எழுதும் அலுவலக மெயில்களையும் வேலை விண்ணப்பங்களையும் திருத்துவது என் பிழைப்பு. அதில் பார்த்த வரையில் இந்தப் பிழைகள் கண்டபடி வருவதில்லை. தமிழில் பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுகிறது, ஆங்கிலத்தில் அதே வேலையைப் பெயருக்கு முன்னால் ஒரு குட்டிச் சொல் செய்கிறது. இந்த இடமாற்றம் நமக்குப் பழகிவிடும். பழகாதது கணக்கு: நம்முடைய ஒரே ‘இல்’லுக்கு அங்கே மூன்று சொற்கள், நம்முடைய ‘மேல்’ ஒன்றுக்கு அரை டஜன். ஆகவே வாக்கியம் எங்கேயாவது இடறினால் முதலில், ‘என் மனதில் ஓடிய தமிழ் உருபு எது?’ என்று பாருங்கள். அது தெரிந்தால் பழுது எங்கே என்பதும் தெரிந்துவிடும்.

அறிகுறி: இடத்தைச் சொல்லும்போது ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ மூன்றும் குழம்புகின்றன

உருபு: இல். பள்ளிக்கூடத்தில் ‘இன்’ என்றால் உள்ளே, ‘ஆன்’ என்றால் மேலே என்று சொல்லிக்கொடுத்து, ‘அட்’டைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பம். ‘அட்’ என்பது இடத்தை ஒரு புள்ளியாகப் பார்ப்பது. அதன் உள்ளும் வெளியும் நமக்கு அப்போது முக்கியமில்லை.

விழுப்புரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என் வீடு அங்கே இருந்தால் ‘மை ஹவுஸ் இஸ் இன் விழுப்புரம்’. வைகை எக்ஸ்பிரஸ் அங்கே நிற்கிறது என்றால் ‘தி டிரெயின் ஸ்டாப்ஸ் அட் விழுப்புரம்’. ஊர் மாறவில்லை, பார்வை மாறியிருக்கிறது. குடியிருப்பவனுக்கு அது தெருவும் கடையும் சூழ்ந்த இடம், ரயிலுக்கு வழியில் ஒரு புள்ளி. இதே காரணத்தால்தான் சென்னை வந்து சேர்ந்தால் ‘அரைவ்ட் இன் சென்னை’, எழும்பூர் ஸ்டேஷன் வந்து சேர்ந்தால் ‘அரைவ்ட் அட் எழும்பூர் ஸ்டேஷன்’. ‘அரைவ்ட் டு’ என்பது எந்த ஊருக்கும் கிடையாது. முகவரியிலும் அப்படித்தான்: கதவு எண்ணோடு சொன்னால் ‘அட்’, ஊர்ப் பெயர் மட்டும் என்றால் ‘இன்’.

வண்டிகளுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. உள்ளே எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டி என்றால் ‘ஆன்’: பஸ், ரயில், விமானம், கப்பல். குனிந்து ஏறி உட்கார மட்டுமே முடிகிறது என்றால் ‘இன்’: கார், ஆட்டோ. பைக்கும் சைக்கிளும் மேலே ஏறி உட்காருபவை, அதனால் ‘ஆன்’. ‘இன் தி பஸ்’ என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம். பஸ்ஸுக்கு உள்ளே என்று அழுத்திச் சொல்லும்போது அதுவும் வரும்.

இன்றைக்கு அதிகம் தவறுவது போனில். ‘வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்’ என்பது நேராக ‘இன் வாட்ஸ்அப்’ ஆகிவிடுகிறது. வாட்ஸ்அப், யூடியூப், ஃபேஸ்புக், டிவி, போன், இன்டர்நெட் எல்லாவற்றுக்கும் ‘ஆன்’. ஆனால் வாட்ஸ்அப் குரூப்புக்கு ‘இன் தி குரூப்’, ஏனென்றால் குரூப் என்பது ஆட்கள் அடங்கிய கூட்டம். புத்தகத்தில் பக்கத்துக்கு ‘ஆன்’, அத்தியாயத்துக்கு ‘இன்’. போட்டோவுக்கும் செய்தித்தாளுக்கும் ‘இன்’. ‘ஆன்லைன்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘ஆன்’ இருப்பதால் ‘இன் ஆன்லைன்’ என்பது தேவையற்ற சுமை. வெறும் ‘ஐ பாட் இட் ஆன்லைன்’ போதும்.

அறிகுறி: தேதியும் நேரமும் வந்தால் கை தயங்குகிறது

கடிகார நேரத்துக்கு ‘அட்’, நாளுக்கு ‘ஆன்’, அதைவிட நீண்ட காலத்துக்கு ‘இன்’. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சறுக்குவது ‘காலை’யில். ‘இன் தி மார்னிங்’ சரி. ஆனால் அந்தக் காலையை ஒரு குறிப்பிட்ட நாளோடு கட்டிவிட்டால் ‘இன்’ போய் ‘ஆன்’ வந்துவிடும். சுனாமி வந்தது ‘இன் டிசம்பர் 2004’, இன்னும் துல்லியமாக ‘ஆன் 26 டிசம்பர் 2004’. அது வந்த பொழுதைச் சொல்ல ‘ஆன் தி மார்னிங் ஆஃப் 26 டிசம்பர்’. ‘சண்டே மார்னிங்’ என்றாலும் ‘ஆன்’தான். இரவு மட்டும் தனி ஜாதி, ‘அட் நைட்’. பண்டிகைக்காலம் என்றால் ‘அட் பொங்கல்’, அந்த ஒரு நாளைச் சொன்னால் ‘ஆன் பொங்கல் டே’.

‘நெக்ஸ்ட்’, ‘லாஸ்ட்’, ‘திஸ்’, ‘எவ்ரி’ இவற்றில் ஒன்று முன்னால் நின்றால் பிரிபொசிஷனே வேண்டாம். ‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’ என்பதில் ‘ஆன்’ அதிகப்படி. ‘டுமாரோ’, ‘யெஸ்டர்டே’ இரண்டுக்கும் அதே விதி.

அறிகுறி: ‘சின்ஸ் டென் இயர்ஸ்’ என்று எழுதிவிட்டேன்

உருபு: இருந்து, ஆக. ‘பத்து வருஷமா இங்கே இருக்கேன்’, ‘2015லிருந்து இங்கே இருக்கேன்’. தமிழில் இரண்டுக்கும் வினை ஒன்றுதான், ‘இருக்கேன்’. அதனால்தான் ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்று வருகிறது. அதில் பழுது இரண்டு இடத்தில்.

ஒன்று, காலத்தின் நீளத்தைச் சொன்னால் ‘ஃபார்’, தொடங்கிய புள்ளியைச் சொன்னால் ‘சின்ஸ்’. விரல்விட்டு எண்ணக்கூடிய வருஷம், மாதம், மணி என்றால் ‘ஃபார்’. நாள்காட்டியிலோ கடிகாரத்திலோ சுட்டிக்காட்டக்கூடியது என்றால் ‘சின்ஸ்’. இரண்டு, அப்போது ஆரம்பித்து இன்னும் தொடர்கிறது என்பதால் வினையும் மாற வேண்டும்: ‘ஐ ஹாவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’. பிரிபொசிஷனை மட்டும் திருத்திவிட்டு ‘ஐ ஆம் லிவிங்’கை அப்படியே விட்டால் பழுது பாதிதான் சரியாகியிருக்கிறது.

பயோடேட்டாவில் ‘வொர்க்கிங் ஃப்ரம் 2015’ என்று இருந்தால் படிப்பவர் அடுத்து ஒரு ‘டு’வை எதிர்பார்ப்பார். ‘ஃப்ரம் 2015 டு 2019’ என்று முடிந்துபோன வேலைக்கு அது சரி. இப்போதும் அதே வேலையில் இருப்பவர் ‘சின்ஸ் 2015’ என்று எழுத வேண்டும். இதே குடும்பத்தில் இன்னொன்று, வேலை விளம்பரங்களில் வரும் ‘பிட்வீன் 25 டு 30’. ‘பிட்வீன்’ வந்தால் நடுவில் ‘அண்ட்’, ‘ஃப்ரம்’ வந்தால் நடுவில் ‘டு’. ஜோடியை மாற்றிக் கட்டக் கூடாது.

அறிகுறி: கெடு தேதி சொன்னேன், எதிராளி வேறு மாதிரி புரிந்துகொண்டார்

உருபு: உள், வரை. ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்பதை ‘வித்தின் ஃப்ரைடே’ என்று எழுதுகிறார்கள். ‘வித்தின்’னுக்குப் பிறகு ஒரு கால அளவு வர வேண்டும்: ‘வித்தின் டூ டேஸ்’. ஒரு நாளின் பெயர் வந்தால் ‘பை ஃப்ரைடே’. வெள்ளி அன்று கொடுத்தாலும் அதில் அடங்கும்.

‘இரண்டு நாளில் முடிச்சுத் தரேன்’ என்பது ‘இன் டூ டேஸ்’. இதை ஆங்கிலக்காரர் ‘இன்றிலிருந்து இரண்டு நாள் கழித்து’ என்றுதான் எடுத்துக்கொள்வார். நாளைக்கே முடிந்துவிடலாம், அதிகபட்சம் இரண்டு நாள் என்று சொல்ல வந்தவர் ‘வித்தின்’ போட வேண்டும். கொட்டேஷன் அனுப்புகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பது பாக்கெட்டுக்கு நல்லது.

‘தி ஆபீஸ் இஸ் குளோஸ்ட் அண்டில் ஃப்ரைடே’ என்று நோட்டீஸ் ஒட்டினால் வெள்ளிக்கிழமை திறந்திருக்குமா, மூடியிருக்குமா? ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் இதில் இரண்டு பக்கமும் வாதாடுவார்கள். இங்கே பிரிபொசிஷனைத் திருத்தப் பார்க்காதீர்கள், வாக்கியத்தையே மாற்றுங்கள்: ‘வில் ரீஓப்பன் ஆன் சாட்டர்டே’.

அறிகுறி: வேண்டாத இடத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது

‘டிஸ்கஸ் அபவுட் தி பிராப்ளம்’, ‘ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’, ‘என்டர் இன்டு தி ரூம்’, ‘எம்ஃபசைஸ் ஆன் குவாலிட்டி’, ‘ரீச் டு மதுரை’, ‘ஆர்டர் ஃபார் டூ காஃபீஸ்’. இவற்றில் தமிழ் வாடை அடிப்பது ஓரளவு உண்மை. ‘பற்றிப் பேசினோம்’, ‘அறைக்குள் நுழைந்தான்’, ‘மதுரைக்குப் போய்ச் சேர்ந்தோம்’ என்றுதானே சொல்கிறோம். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலும் இந்தச் சொற்களின் பெயர் வடிவத்துக்குப் பிரிபொசிஷன் உண்டு, வினை வடிவத்துக்குத்தான் இல்லை. ‘எ டிஸ்கஷன் அபவுட்’ சரி, ‘எ ரிக்வெஸ்ட் ஃபார்’ சரி, ‘எம்ஃபசிஸ் ஆன்’ சரி. பெயருக்கு உரியதை வினைக்கும் நீட்டிவிடுகிறோம்.

ஆகவே சோதனை இது: அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘எ’ அல்லது ‘தி’ போட முடிகிறதா? முடிந்தால் அது பெயர், பிரிபொசிஷன் இருக்கட்டும். ‘வி’, ‘ஐ’, ‘பிளீஸ்’ இவற்றுக்குப் பின்னால் வினையாக நின்றால் எடுத்துவிடுங்கள். ‘வி டிஸ்கஸ்ட் தி பிராப்ளம்’. ‘ஐ ரிக்வெஸ்ட் லீவ்’.

எடுப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. சில வினைகள் பிரிபொசிஷன் சேர்ந்தால் வேறு வேலைக்குப் போய்விடும். ‘அட்டெண்ட் தி மீட்டிங்’ என்றால் கூட்டத்துக்குப் போவது, ‘அட்டெண்ட் டு தி பேஷண்ட்’ என்றால் நோயாளியைக் கவனிப்பது. ‘ஆன்சர் தி மேனேஜர்’ என்றால் மேனேஜர் கேட்டதற்குப் பதில் சொல்வது, ‘ஆன்சர் டு தி மேனேஜர்’ என்றால் அவருக்குக் கட்டுப்பட்டவர் என்று பொருள். அறைக்குள் நுழைய ‘இன்டு’ வேண்டாம், ஒப்பந்தத்தில் நுழைய ‘என்டர் இன்டு’ வேண்டும்.

‘கோப் அப் வித்’தில் ‘அப்’பும், ‘ரிட்டர்ன் பேக்’கில் ‘பேக்’கும் வீண். ‘கோ டு ஹோம்’, ‘கம் டு ஹியர்’ இரண்டிலும் ‘டு’ வீண்.

அறிகுறி: இருக்க வேண்டியது காணாமல் போயிருக்கிறது

‘லிசன் மீ’, ‘எக்ஸ்பிளெய்ன் மீ’, ‘ரிப்ளை மீ’, ‘வெயிட் மீ’. முதல் மூன்றுக்கும் ‘டு’, கடைசிக்கு ‘ஃபார்’. சிரமம் என்னவென்றால் பக்கத்து வீட்டு வினைகளுக்கு இது தேவையில்லை. ‘டெல் மீ’ சரி, ‘சே மீ’ தப்பு. ‘ஆன்சர் தி மெயில்’ சரி, ‘ரிப்ளை’ என்று மாற்றினால் ‘ரிப்ளை டு தி மெயில்’. இவற்றை ஜோடி ஜோடியாக மனதில் போட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

விட்டுவிட்டால் அர்த்தம் புரண்டுபோகும் இடங்கள் இன்னும் கவனிக்க வேண்டியவை. ‘தி போலீஸ் சர்ச்ட் தி ஹவுஸ்’ என்றால் வீட்டைச் சோதனை போட்டார்கள். ‘சர்ச்ட் ஃபார் தி ஹவுஸ்’ என்றால் வீடு எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். ‘அப்ளை லீவ்’ நம் அலுவலகங்களில் ஊறிப்போன பிரயோகம், ஆனால் ‘ஃபார்’ இல்லாத ‘அப்ளை’ களிம்பு தடவுவதற்கு உரியது. லீவுக்கு ‘அப்ளை ஃபார்’.

இந்த வகையில் நன்றாக எழுதுகிறவர்களையும் விடாத ஒன்று இருக்கிறது: ‘தி ஹோட்டல் ஐ ஸ்டேய்ட் வாஸ் குட்’. இதன் வேர் தமிழ்ப் பெயரெச்சத்தில். ‘ஓட்டலில் தங்கினேன்’ என்பதில் ‘இல்’ இருக்கிறது. அதையே ‘நான் தங்கிய ஓட்டல்’ என்று திருப்பினால் ‘இல்’ கரைந்துவிடுகிறது. ‘பேனாவால் எழுதினேன்’ ‘எழுதிய பேனா’ ஆகும்போது ‘ஆல்’ போய்விடும். ‘எழுதிய கடிதம்’, ‘எழுதிய பேனா’, ‘எழுதிய மேசை’ மூன்றிலும் உறவு வேறு, ஆனால் தமிழ்க் காது சூழலை வைத்தே பிரித்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. உருபு கரையாமல் கடைசியில் நின்றாக வேண்டும்: ‘தி ஹோட்டல் ஐ ஸ்டேய்ட் அட்’, ‘தி பென் ஐ ரோட் வித்’, ‘எ சேர் டு சிட் ஆன்’, ‘எ ஹவுஸ் டு லிவ் இன்’.

திருத்தும் விதம்: சந்தேகம் வந்தால் வாக்கியத்தை நேராக்கிப் பாருங்கள். ‘ஐ ஸ்டேய்ட் அட் தி ஹோட்டல்’. நேர் வாக்கியத்தில் ‘அட்’ இருக்கிறதா? அப்படியானால் திருப்பிய வாக்கியத்திலும் இருக்க வேண்டும். பிரிபொசிஷனில் வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்று உங்கள் வாத்தியார் சொல்லியிருந்தால், அதைப் பொருட்படுத்த வேண்டாம். 1672இல் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர் தமக்கு முந்தைய தலைமுறை எழுத்தாளர் ஒருவரிடம் இதைக் குறையாகச் சுட்டிக்காட்டினார். அந்தக் குறை பிறகு பள்ளிக்கூட விதியாக ஏறிக்கொண்டது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அன்றும் இன்றும் அப்படித்தான் முடிக்கிறார்கள்.

அறிகுறி: ‘ஆங்கிரி ஆன் மீ’

உருபு: மேல். எல்லாவற்றிலும் வம்பு பிடித்த உருபு இது. கோபம், அன்பு, நம்பிக்கை, மரியாதை, வழக்கு, பழி, கல், எதை வேண்டுமானாலும் தமிழில் ஒருவர் ‘மேல்’ வைக்கலாம், போடலாம், எறியலாம். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி ஆள். கோபத்துக்கு ‘ஆங்கிரி வித்’ அல்லது ‘அட்’. அன்புக்கு ‘லவ் ஃபார்’, மரியாதைக்கு ‘ரெஸ்பெக்ட் ஃபார்’. நம்பிக்கைக்கு ‘ஃபெய்த் இன்’. வழக்குக்கு ‘எ கேஸ் அகென்ஸ்ட்’. மேசை மேல் இருந்தால் ‘ஆன்’, தலைக்கு மேலே தொடாமல் இருந்தால் ‘அபவ்’ அல்லது ‘ஓவர்’.

கத்துவது, எறிவது இரண்டையும் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். ‘ஹி த்ரூ தி பால் டு மீ’ என்றால் நான் பிடிப்பதற்காகப் போட்டான். ‘ஹி த்ரூ தி பால் அட் மீ’ என்றால் என்னை அடிக்கப் போட்டான். ‘ஷவ்டட் டு மீ’ என்றால் தூரத்தில் இருந்த எனக்குக் கேட்கட்டும் என்று கத்தினான், ‘ஷவ்டட் அட் மீ’ என்றால் என்னைத் திட்டினான். ‘டு’வில் எதிராளி பெற்றுக்கொள்கிறவர், ‘அட்’டில் அவர் குறி. நம் மொழியில் ‘எனக்குப் போட்டான்’, ‘என் மேல் போட்டான்’ என்று இதே பிரிவு இருப்பதால், பொருள்களை எறியும்போது ‘க்கு’ என்றால் ‘டு’, ‘மேல்’ என்றால் ‘அட்’ என்று கணக்கு வைத்துக்கொண்டால் தப்பாது.

அறிகுறி: ‘பை வாக்’, ‘மேரீட் வித்’

உருபு: ஆல், ஓடு. கருவிக்கு ‘வித் எ நைஃப்’, செய்தவருக்கு ‘பை ஹிம்’, காரணத்துக்கு ‘பிகாஸ் ஆஃப் தி ரெய்ன்’. ‘என்னால் முடியாது’வில் வரும் ‘ஆல்’லுக்கு ஆங்கிலத்தில் இடமே இல்லை, வெறும் ‘ஐ கான்ட்’. பயணத்துக்கு ‘பை பஸ்’, ‘பை ஆட்டோ’, ஆனால் ‘மை’ சேர்த்துவிட்டால் ‘இன் மை கார்’. நடந்து வந்தால் ‘ஆன் ஃபுட்’. கல்யாணம் அவரோடு நடந்தாலும் ‘மேரீட் டு’தான்.

‘சீனியர் தேன் மீ’ என்பதும் இதோடு சேர்ந்தது. ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’ எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை, அவை ‘டு’ கேட்கும். ‘பிரிஃபர் டீ டு காஃபி’யும் அப்படித்தான்.

அறிகுறி: மெயிலின் கடைசி வரி, ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’

‘டு’வுக்கு இரண்டு அவதாரம். ‘ஐ வாண்ட் டு கோ’வில் அது வினையின் வால். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’வில் அது அசல் பிரிபொசிஷன், அதன் பின்னால் பெயரோ ‘இங்’ வடிவமோதான் வரும். சோதித்துப் பார்க்க அந்த இடத்தில் ‘இட்’ போடுங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்’ பொருந்துகிறது, ஆகவே ‘டு ஹியரிங்’. ‘ஐ வாண்ட் டு இட்’ பொருந்தவில்லை, ஆகவே ‘டு கோ’. ‘ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் எர்லி’யும் முதல் ரகம்.

‘டாக்டரைப் பார்ப்பதற்கு வந்தேன்’ என்பதன் ‘க்கு’வைப் பிடித்துக்கொண்டு ‘ஃபார் சீயிங் தி டாக்டர்’ என்று எழுதுவது எதிர்த்திசைப் பிழை. அங்கே வெறும் ‘டு சீ’ போதும்.

பழுது மாதிரி தெரியும், ஆனால் பழுது இல்லை

‘அட் தி வீக்கெண்ட்’ பிரிட்டிஷ், ‘ஆன் தி வீக்கெண்ட்’ அமெரிக்கன். ‘கால் மீ ஆன் திஸ் நம்பர்’ என்று லண்டனிலும் சென்னையிலும் சொல்வார்கள், நியூயார்க்கில் ‘அட்’. ஃபாரத்தை ‘ஃபில் இன்’ செய்வதும் ‘ஃபில் அவுட்’ செய்வதும் ஒன்றே. ‘டிஃபரென்ட்’டுக்குப் பிறகு பிரிட்டனில் ‘டு’வும் அமெரிக்காவில் ‘தேன்’னும் காதில் விழும், ‘ஃப்ரம்’ எங்கேயும் செல்லும் என்பதால் அதையே எழுதிவிடலாம். இவற்றில் எதையும் அடித்துத் திருத்துவதற்கு முன், எழுதியவர் எந்த நாட்டு ஆங்கிலம் எழுதுகிறார் என்று பாருங்கள். ஒரே மெயிலில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

மேலே சொன்ன எதிலும் அடங்காத சொல் வந்தால் ஆங்கிலம்–தமிழ் அகராதியைத் திறக்காதீர்கள். அது பொருளைச் சொல்லும், பிரிபொசிஷனைச் சொல்லாது. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று வரும் ஆங்கிலம்–ஆங்கில லேர்னர்ஸ் அகராதியில் தேடினால், உதாரண வாக்கியங்களில் அந்தச் சொல்லோடு சேரும் பிரிபொசிஷனைத் தடித்த எழுத்தில் காட்டியிருப்பார்கள். இலவசமாக இணையத்திலேயே கிடைக்கிறது. தேடும்போது வினைக்கும் பெயருக்கும் தனித்தனிப் பதிவு இருந்தால், உங்கள் வாக்கியத்தில் அது எதுவாக வந்திருக்கிறதோ அந்தப் பதிவைப் பாருங்கள்.